மோர் இல்லாத மோர்மிளகாய்

நான் ஒரு பொய் சொன்னேன். மிளகாயைப் பற்றிய பொய். சொல்லப்போனால் அற்ப விசயந்தான். ஆனாலும் பதினாறு வருசம் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தேன். அதை இங்கே இறக்கி வைத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. மத்தியானம் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்சைத் திறப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் தயிர்ச்சோற்றுக்கு மேலே நாலு மோர்மிளகாய் வறுத்து வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த டீச்சர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, “என்னா ருசி டீச்சர்! புளிப்பு வேற மாதிரி இருக்கே. தயிர்ல போட்டீங்களா, கடைஞ்ச மோர்லயா?” என்று கேட்டார். “கடைஞ்ச மோர்தான்” என்றேன். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் கூசியது. ஏனென்றால் அந்த மிளகாய் மோரைக் கண்ணால் கண்டதில்லை. என் அம்மா போட்டது அது. என் அம்மாவுக்கு அவளுடைய அம்மா, என் அம்மாச்சி, சொல்லிக் கொடுத்தது. மோர் கிடைக்காதவர்கள் கண்டுபிடித்த மோர்மிளகாய்.

எங்க ஊர் ஒட்டன்சத்திரத்துக்கும் வேடசந்தூருக்கும் நடுவில். மேற்கே பார்த்தால் மலை தெரியும், மழை தெரியாது. செவக்காடு. கிணறு இருக்கிறவன் தோட்டக்காரன், இல்லாதவன் கூலி. எங்க காலனியில் யாருக்கும் கிணறு இல்லை. தோட்டங்களில் வெங்காயம், தக்காளி, கத்தரி, முருங்கை, மிளகாய். எல்லாம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும். அங்கேயிருந்து லாரி ஏறிக் கேரளா போகும். எர்ணாகுளத்திலயும் திருச்சூர்லயும் ஒருத்தன் மீன்குழம்புக்குக் கீறிப்போடுற பச்சை மிளகாயில் பாதி எங்க தெருப் பொம்பளைக பறிச்சதா இருக்கும் என்று அம்மா சொல்லுவாள். பாதியோ காலோ, கணக்கு எனக்குத் தெரியாது. கை தெரியும்.

மிளகாய் பறிக்கிறது ஒடியக் குனியிற வேலை. செடி இடுப்புக்கு வராது. ஆளுக்கொரு நெரை பிடித்து, விடியக்கால வெயிலுக்கு முந்தியே இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறியபின் பறித்தால் காய் சூட்டோடு சாக்குக்குள் போகும், சீக்கிரம் வாடும், அழுகும். காம்போடு பறிக்க வேண்டும். காம்பு இல்லாத காயை வியாபாரி கழித்துவிடுவான். காம்பு பிய்ந்த இடம் திறந்த புண் மாதிரி, அங்கேயிருந்துதான் அழுகல் உள்ளே போகும். அதனால் இழுக்கக் கூடாது. பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பைப் பிடித்து மேல்நோக்கி ஒரு சுண்டு. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான சுண்டு. சாயங்காலம் அந்த ரெண்டு விரலும் தீயாக எரியும். தண்ணியில் முக்கினால் இன்னும் எரியும். பிள்ளைக்குப் பால் கொடுக்க மாராப்பை விலக்கக்கூடப் பயப்படுவார்கள். தெரியாமல் கை பட்டால் பிள்ளை அலறும்.

அம்மாச்சி அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். மாட்டுக்கறி வேக வைக்கும்போது மேலே மிதக்கிற கொழுப்பை வழித்து ஒரு சிரட்டையில் உறைய விட்டிருப்பாள். அதைத் தொட்டு விரலில் நல்லாத் தேய்த்து, சாம்பல் போட்டுக் கழுவினால் எரிச்சல் அடங்கும். பிறகு நான் படிக்கிற காலத்தில் தெரிந்துகொண்டேன். மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருள். அது தண்ணியில் கரையாது, எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். காரம் விதையில் இருக்கிறது என்பார்கள், அதுவும் சரியில்லை. விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதையில்தான் அது ஊறுகிறது. எங்க கறிச்சட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்தினவர்களுக்குத் தெரியாத ரசாயனம் அந்தச் சிரட்டையில் இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வரப்பில் ஏறும்போது ஒரு சோதனை நடக்கும். தோட்டக்காரர் வீட்டுப் பெரியம்மா நிற்பாள். “மடிய அவுத்துக் காட்டுங்கடி” என்பாள். ஒரு கைப்பிடி மிளகாய் முந்தியில் இருந்துவிடக் கூடாது. நானே லீவு நாளில் கூட மாட வேலைக்குப் போய் என் பாவாடையை உதறிக் காட்டியிருக்கிறேன். பத்து வயசு எனக்கு. உதறும்போது ஒண்ணும் விழாது. ஆனாலும் ஏதோ விழுந்த மாதிரி இருக்கும்.

நான் ஏழாவது படித்த வருசம். மதுரையிலிருந்து பிரிந்து 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகி ரெண்டு வருசம் ஆகியிருக்கும். மாசி மாதம். மிளகாய் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் காய்ச்சித் தள்ளியது. மார்க்கெட்டில் வெலை விழுந்துவிட்டது. எங்க அம்மா போய்க்கொண்டிருந்த தோட்டத்தில் ஏழு பொம்பளைகளுக்கு ஆளுக்கு ஆறு நாள் கூலி பாக்கி. கேட்டதற்குத் தோட்டக்காரர் பம்புசெட்டு மேட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “லாரி வாடகைக்கே கட்டல. காசு எங்கிட்டு இருக்கு? இந்தா கெடக்கு மூணு சாக்கு. எடுத்துட்டுப் போங்க. கூலி தீந்துச்சு.”

நேற்று வரைக்கும் ஒரு கைப்பிடிக்கு மடியை அவிழ்க்கச் சொன்னவர்கள், இன்றைக்கு மூணு சாக்கு மிளகாயைத் தலையில் தூக்கி வைக்கிறார்கள். வெலை இருந்தபோது அது அவர்கள் சொத்து. வெலை விழுந்த பிறகு அது எங்க கூலி.

அம்மா வீடு வந்து சாக்கை இறக்கினாள். நான் சந்தோசப்பட்டேன். இவ்வளவு மிளகாயை நான் எங்க வீட்டில் பார்த்ததே இல்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சிரிக்காத தாயி. பத்து நாள்ல இம்புட்டும் அழுகிப்போகும். ஆறு நாக் கூலி அழுகிப்போகும்” என்றாள். காசு அழுகாது. நெல்லு அழுகாது. கூலியைப் பச்சை மிளகாயாக வாங்கினவளுக்குத்தான் அது கண் முன்னால் அழுகும். மிளகாயைக் கெடாமல் வைக்கிறது என்பது எங்க வீட்டில் அன்றைக்குச் சமையல் சங்கதியாக இல்லை. கூலியைக் காப்பாத்துகிற வேலை அது.

அன்று ராத்திரி காலனியில் யாரும் தூங்கவில்லை. கரண்டு இல்லாத வீடுகள். தெருவிளக்குக் கம்பத்துக்கு அடியில் கோணியை விரித்து மூணு சாக்கையும் கொட்டினார்கள். அம்மாச்சிதான் தலைமை. ஈரம் பட்டிருந்ததை முதலில் துணியில் துடைத்து ஆற விட்டாள். “தண்ணி பட்ட காய் தண்ணியாப் போகும்.” பிறகு பிரிப்பு. அழுகல் தொட்டது, ஓட்டை விழுந்தது ஒரு பக்கம். ஒரு அழுகல் காய் கூட்டத்தில் இருந்தால் ரெண்டு நாளில் அடுத்ததையும் இழுத்துவிடும். அழுகின நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை அன்றைக்கே அம்மியில் உப்பு வைத்து அரைத்தார்கள். சிவக்க ஆரம்பித்தது ஒரு பக்கம். அது கொடியிலோ பாறையிலோ காய்ந்து வத்தலாகும். கெட்டியான பச்சை இன்னொரு பக்கம். அதிலும் ரெண்டு பங்கு. ஒன்று பச்சையாகவே வைக்க, ஒன்று ஊறப்போட.

பச்சையாக வைக்கிற பங்குக்கு ரெண்டு பானை. பெரிய பானைக்குள் ஆத்து மணலைப் பரப்பி, நடுவில் சின்னப் பானையை வைத்து, இடுக்கிலும் மணலை நிரப்பி, அந்த மணலுக்கு மட்டும் காலையும் மாலையும் தண்ணி தெளிப்பது. சின்னப் பானைக்குள் ஒரு பழைய வேட்டித் துணி. அதற்குள் மிளகாய். காம்பை மட்டும் கவனமாகக் கிள்ளி எடுத்துவிடுவார்கள். அடியிலிருக்கிற பச்சைக் குல்லாய் கிழியக் கூடாது. மார்க்கெட்டுக்குக் காம்போடு, வீட்டுக்குக் காம்பில்லாமல். இது என்ன கூத்து என்று கேட்டேன். அம்மாச்சி சொன்னாள்: “லாரியில போற காய் குலுங்கும், நசுங்கும், காம்பு இருந்தாத்தான் தாங்கும். வீட்டுல குந்திக் கெடக்குற காய்க்கு மொதல்ல காம்புதான் பூசணம் பிடிக்கும். அத எடுத்துட்டா நாலு நாள் கூட நிக்கும்.” துணியை ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாற்றுவாள். மிளகாய் பறித்த பின்னும் மூச்சு விடும், வேர்க்கும். அந்த வேர்வையைத் துணி குடிக்க வேண்டும்.

மணல் ஈரம் காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, உள்பானை குளிர்கிறது. இதே தத்துவத்தில், ரெண்டு செங்கல் சுவருக்கு நடுவில் ஈர மணலைக் கொட்டி, மின்சாரம் இல்லாத குளிர் அறையை 1980-களில் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கினார்கள். 1990-களில் நைஜீரியாவில் முகமது பா அபா என்கிற வாத்தியார் பானைக்குள் பானை வைத்துக் காய்கறியைக் காத்து உலகப் பரிசு வாங்கினார். மூணு நாளில் கெடுகிற கத்தரிக்காய் அந்தப் பானையில் 27 நாள் நின்றதாம். தினம் தினம் காய் விற்க ஓடின பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக அது வழிவிட்டது என்று படித்தபோது, எனக்கு அம்மாச்சியின் பானை ஞாபகம் வந்தது. அவளுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பானை எங்க செவக்காட்டு வறண்ட காத்துக்குத்தான் வேலை செய்யும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காத்தே ஈரமாக இருக்கும்போது மணல் காயாது, பானை குளிராது. ஏழைக்குத் தெரிந்த வித்தைக்கும் ஒரு பருவம் உண்டு.

பானையில் எவ்வளவு கொள்ளும்? சாக்கில் பெரும்பாகம் மிச்சம். அதை மோர்மிளகாய் போட்டால்தான் வருசம் முழுக்க வரும். உப்பு கடையில் கடன் கிடைத்தது. வெயிலுக்குக் காசு இல்லை. மோருக்கு எங்கே போவது? எங்க தெருவில் மாடு உண்டு, அடுத்தவன் மாடு. மேய்க்கிறது நாங்கள், சாணி அள்ளுகிறது நாங்கள், செத்தால் தூக்குகிறது நாங்கள். கறக்கிறது மட்டும் அவர்கள்.

அம்மா தோட்டக்காரர் வீட்டுப் புறவாசலுக்குத் தூக்குச்சட்டியோடு போனாள். நானும் பின்னாடி போனேன். அந்தக் காலத்தில் மோர் விற்கிற பண்டம் கிடையாது. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிறது. ஊர்த்தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சும்மாவே ஊத்துவார்கள். எங்களுக்கும் ஊத்துவார்கள், எட்டி நின்று, மேலேயிருந்து, கஞ்சிக்குக் கரைக்க. அன்றைக்கு அம்மா எதுக்கு என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். “மொளகா ஊறப்போடத்தான் சாமி. கொஞ்சம் கூட ஊத்துனா...”

பெரியம்மா சிரித்தாள். உள்ளே திரும்பி யாரிடமோ சத்தமாகச் சொன்னாள்: “கேட்டீகளா, இவளுகளுக்கு மோர்மிளகா கேக்குதாம்! இன்னும் செத்த நாள்ல வடகமும் அப்பளமும் போடுவாளுக.” பிறகு அம்மாவிடம், “போடி, கூழுக்கு வெங்காயத்தக் கடிச்சுக்க. அது போதும்” என்றாள்.

அம்மா வெறும் தூக்குச்சட்டியோடு திரும்பினாள். வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாச்சியிடம் சொன்னாள். அம்மாச்சி கொஞ்ச நேரம் வெத்தலையை மென்றுகொண்டிருந்தாள். துப்பிவிட்டுக் கேட்டாள்: “மோருல என்னடி இருக்கு? புளிப்புத்தான? நம்ம கூழுப்பானையில இல்லாத புளிப்பா?”

அவ்வளவுதான். ஏழு வீட்டுக் கூழ்ப்பானையிலும் ராத்திரி ஊறின நீச்சத்தண்ணியை வடித்து ஒரு தாழியில் ஊத்தினார்கள். கம்பங்கூழின் புளித்த தண்ணி, ரேசன் அரிசிச் சோற்றில் ஊத்தி வைத்த நீராகாரம், எல்லாம் சேர்ந்து. கல்லுப்பு கை நிறைய. மிளகாயைக் காம்போடு, நுனியில் ஒரு கீறல் மட்டும் கீறி அதில் முக்கினார்கள். ராத்திரி முழுக்க ஊறும். காலையில் அள்ளிப் பாறை மேல் காயும். சாயங்காலம் திரும்பவும் தாழிக்குள். தண்ணி முழுக்க மிளகாய்க்குள் இறங்குகிற வரைக்கும் இப்படியே. நாலாம் நாள் பச்சை போய் வெளுத்தது. எட்டாம் நாள் சருகு மாதிரிச் சலசலத்தது. உப்பு மிளகாயின் தண்ணியை வெளியே இழுக்கிறது, புளிப்பு அழுகலை அண்ட விடாது, வெயில் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மோரைப் புளிக்க வைப்பதும் கூழைப் புளிக்க வைப்பதும் ஒரே வகைக் கிருமிகள். ரெண்டிலும் உண்டாகிறது லாக்டிக் அமிலம். அதற்கு ஊர்த்தெரு, காலனி என்ற பேதம் கிடையாது.

பாறையில் எங்க அம்மாச்சி ஒரு பக்கம் உப்புக்கண்டம், ஒரு பக்கம் மிளகாய் காய வைத்திருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. காக்கா விரட்டுகிற வேலை எனக்கு. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத சனம், கிடைத்த அன்றைக்கே எதையும் தின்று தீர்த்துவிடும் என்று எங்களைப் பற்றிச் சொல்வார்கள். கண்டத்தையும் வத்தலையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அதிலே கொஞ்சத்தைச் சந்தையில் விற்றுக் கூலியை எடுக்கலாம் என்று அம்மா நினைத்தாள். ஓலைப்பெட்டியில் கொண்டுபோய் உட்கார்ந்தாள். தெரிந்த முகங்கள் வந்தன, பார்த்தன, “எந்தத் தெரு?” என்று கேட்டன, போய்விட்டன. இதை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அதே மிளகாய். பறித்தது அதே விரல். பச்சையாகச் சாக்கில் கட்டி அனுப்பினால் தீட்டில்லை. அதில் நாங்கள் உப்புப் போட்டுவிட்டால் தீட்டு. எங்க உழைப்பு தொட்டால் பரவாயில்லை, எங்க பக்குவம் தொட்டால் ஆகாது. சாதி எங்கே கோடு கிழிக்கிறது என்று எனக்குப் புத்தகம் சொல்வதற்கு முன்னால் அந்த ஓலைப்பெட்டி சொல்லிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், மிளகாய் இந்த மண்ணுக்கே வந்தேறிதான். தென்னமெரிக்கா, மெக்சிகோப் பக்கத்துக் காய். போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்தது. அதற்கு முந்தி இங்கே காரத்துக்கு மிளகுதான். அதனால்தான் மிளகு-காய், மிளகாய். எந்தச் சாஸ்திரத்திலும் அதற்கு இடம் இல்லை. திவசச் சமையலில் இன்றைக்கும் மிளகாய் சேர்க்காத வீடுகள் உண்டு, மிளகுதான். ஆக, சாஸ்திரத்தில் இல்லாத காயைச் சாஸ்திரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட சனம் பறிக்கிறது. ஆனால் அதில் உப்புப் போடுகிற உரிமை மட்டும் சாஸ்திரப்படி.

அடுத்த போகத்துக்கு ஆள் கூப்பிட வந்தபோது ஏழு பேரும் போகவில்லை. காசுக் கூலி, அதுவும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்றால் வருகிறோம் என்றார்கள். கூலி காசாகத்தான் கொடுக்கப்பட வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் வருசத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் சொல்லியிருந்தது. அரசு தனியாக அனுமதித்தால்தான் பண்டமாகக் கொடுக்கலாம். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அழுகின மிளகாய் சொல்லிக்கொடுத்த சட்டம் அவர்களுடையது. அம்மாச்சி மட்டும் பயந்தாள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு 1968-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த சேதி எங்க தெருவுக்கும் வந்து சேர்ந்திருந்தது. தோட்டக்காரர் ரெண்டு எடுப்புக்கு வெளியூரிலிருந்து டிராக்டரில் ஆள் கொண்டுவந்தார். அவர்கள் காம்பைப் பிய்த்தார்கள், கிளையை ஒடித்தார்கள். மூணாம் எடுப்புக்கு எங்க தெருவுக்கு ஆள் வந்தது. அதிலிருந்து காசுதான். பழைய ஆறு நாள் கூலி மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை.

இப்போது என் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது. பச்சை மிளகாய்க்கு ஏழிலிருந்து பத்து டிகிரிக் குளிர்தான் ஏற்றது, ரெண்டு மூணு வாரம் தாங்கும். அதற்குக் கீழே போனால் தோலில் குழி விழுந்து விதை கறுக்கும். அதனால் மேல்தட்டில் வைக்காமல் அடியில் காய்கறிப் பெட்டியில் வைக்கிறேன். காம்பு கிள்ளி, ஈரம் துடைத்து, டப்பாவில் பழைய துணி விரித்து. அம்மாச்சி முறைதான், பானைதான் மாறியிருக்கிறது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பிரிட்ஜைத் திறந்தால் மிளகாயை எடுத்து மோந்து பார்ப்பாள். “குளிருல செத்துக் கெடக்கு” என்பாள். வருசா வருசம் மாசியில் எனக்கு மோர்மிளகாய் போட்டு அனுப்புகிறவள் அவள்தான்.

போன வருசம் உடம்புக்கு முடியாமல் அவள் என் வீட்டில் இருந்தபோது அந்த டீச்சர் பார்க்க வந்திருந்தார். பேச்சுவாக்கில், “அம்மா, உங்க மோர்மிளகா எங்க ஸ்கூல்ல பேர் போனது. மோரு நல்லாப் புளிச்சிருக்கணுமோ?” என்றார். நான் கண்ணால் சாடை காட்டினேன். அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “மோரா? மோரு ஏது தாயி நமக்கு? கூழுத்தண்ணியில போட்டது” என்று சொல்லிவிட்டாள். பதினாறு வருசப் பொய் ஒரு மூச்சில் போனது. டீச்சர் “அப்படியா” என்றார். காப்பியைப் பாதி வைத்துவிட்டுக் கிளம்பினார். பிறகு என் டிபன் பாக்சுக்கு அவர் கை வரவில்லை. வேற காரணமாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. இப்போதும் பக்கத்தில்தான் உட்காருகிறோம்.

அவர் போன பிறகு அம்மா கேட்டாள்: “ஏன்டி, மோருன்னா சொல்லி வச்சிருந்த?” ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. “அன்னைக்கு அவ மோரு ஊத்தாமப் போனதுக்கு, இத்தன வருசமா நீ ஊத்தியிருக்க பாரு” என்றாள்.

அதனால் எழுதி வைக்கிறேன். புளித்த கூழ்த்தண்ணி, கல்லுப்பு, நுனி கீறின பச்சை மிளகாய், எட்டு நாள் வெயில். மோர் வேண்டாம்.